மூச்சு வாங்கியபடி சில பதில்கள்

(பதில் சொல்பவர் மதுரை புதூரில் வசிக்கிறார். வயது 54. வங்கியில் நகைக்கடன் பிரிவில் வேலை. பள்ளிக்கூடத்தில் ரிலே ஓடியவர். கல்யாணத்தோடு நின்றுபோன ஓட்டத்தை 45 வயதுக்கு மேல் மறுபடி ஆரம்பித்தவர்.)

இந்த வயதில் எதற்கு ஓட வேண்டும்? நடந்தால் போதாதா?
— வாசகர், விருதுநகர்

தாராளமாகப் போதும் சார். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, இல்லாவிட்டால் 75 நிமிடம் கடுமையான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வேகமாக நடப்பது முதல் வகை, ஓடுவது இரண்டாவது வகை. உடம்புக்காக என்றால் நடையோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஓடப் பிடித்திருக்கிறது, ஓடுகிறேன். பிடித்திருக்கிறது என்று சொன்னால் வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை, சுகர் குறையும் என்றால் உடனே சரி என்கிறார்கள். அதனால் கேட்பவர்களிடம் சுகரையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

எனக்கு 47 வயது. மாமியார், கணவர், பிளஸ் டூ படிக்கும் மகன். விடியற்காலையில் ஓடப் போகிறேன் என்று சொல்லவே வாய் வரவில்லை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?
— வாசகி, திண்டுக்கல்

வந்த கடிதங்களில் நான் இரண்டு தடவை படித்தது உங்களுடையதைத்தான். ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஷூவைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஒரு பொம்பளை தன் வீட்டு கேட்டைத் திறந்து தெருவில் கால் வைப்பதற்குள் என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்பதை எழுத ஆளைக் காணோம்.

என் மாமியாருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. காலை ஆறரைக்கு அவருக்கு இன்சுலின் போட வேண்டும், ஏழு மணிக்குள் சாப்பாடு கொடுக்க வேண்டும். ஊசி போடுவது என் வேலை. ஆக, நான் எவ்வளவு தூரம் ஓடுவது என்பதை முடிவு செய்தது எந்தப் பயிற்சியாளரும் இல்லை, அந்த ஆறரை மணிதான். ஐந்துக்குக் கிளம்பினால் எட்டு கிலோமீட்டருக்கு மேல் தாங்காது. என் ஓட்டத்துக்கு அவர் ஒருநாளும் தடை சொன்னதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "யாரு தொரத்துறான்னு இப்படி விழுந்தடிச்சு ஓடுற?" என்று மட்டும் கேட்டார். பதில் தெரியாமல் நின்றேன். அவரும் அதோடு விட்டுவிட்டார்.

தூரம் கூட வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை யாராவது ஊசி போட வேண்டும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். மனிதருக்கு ஊசியைக் கண்டாலே ஆகாது. பேனா ஊசியில் யூனிட்டைத் திருகி வைத்துக் கொடுத்தேன். முதல் நாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு குத்தப் போனார். "கண்ணத் தொறந்துக்கிட்டு குத்துடா, அது என் வயிறு" என்று அத்தை போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. இப்போது நன்றாகவே போடுகிறார். ஞாயிறு காலைகளில் அம்மாவும் மகனும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அனுமதி கேட்காதீர்கள். "திங்கள், புதன், வெள்ளி, ஐந்தேகாலிலிருந்து ஆறு வரை நான் வீட்டில் இருக்கமாட்டேன்" என்று தகவலாகச் சொல்லுங்கள். கேள்வியாகக் கேட்டால் ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். தகவலுக்கு யாரும் பதில் யோசித்து வைப்பதில்லை. அப்புறம், ஓடப் போகிற குற்ற உணர்ச்சிக்கு அன்றைக்கு மட்டும் இரண்டு சட்னி அரைக்கிற வேலை வேண்டாம். ஒரு தடவை ஆரம்பித்தால் அது வழக்கமாகிவிடும். பிளஸ் டூ படிக்கிற பையன் தானே எழுந்து பாலைக் காய்ச்சிக் குடிப்பான்.

என்ன உடை போட்டுக்கொண்டு ஓடுகிறீர்கள்? எங்கள் ஊரில் பேண்ட் போட்டாலே பார்க்கிறார்கள்.
— வாசகி, அருப்புக்கோட்டை

டிராக் பேண்ட், தொடை வரை வரும் லூசான டி-ஷர்ட். சுடிதாரில் ஓடுகிறவர்களும் எங்கள் ரோட்டில் உண்டு, துப்பட்டாவை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். பார்க்கிறவர்கள் இரண்டு வாரம் பார்ப்பார்கள். மூன்றாவது வாரம் டீக்கடைக்காரர் உங்களுக்கே வணக்கம் சொல்வார். பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா வாங்குங்கள், ஷூ அதற்கப்புறம். இதைக் கடையில் கேட்கவே கூச்சப்பட்டு எத்தனையோ பேர் ஓட்டத்தையே விட்டிருக்கிறார்கள், அதனால் பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறேன்.

ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்கிறார்களே?
— வாசகர், கோவில்பட்டி

ஓடாதவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியான ஒரு கணக்கு இருக்கிறது. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது நூற்றுக்கு 3.5 பேருக்கு. ஓடாதவர்களில் 10.2. போட்டிக்காகவே வருடக்கணக்கில் ஓடியவர்களில் 13.3. நீங்களும் நானும் முதல் வகை. ஓடுவதால்தான் மூட்டு நன்றாக இருக்கிறதா, மூட்டு நன்றாக இருப்பவர்கள்தான் ஓடுகிறார்களா என்று கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான். ஏற்கெனவே வீக்கமோ வலியோ இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். எடுத்த எடுப்பில் ஐந்து கிலோமீட்டர் வேண்டாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போங்கள்.

பள்ளியில் உங்களோடு ரிலே ஓடிய தோழிகள் இப்போது எங்கே?
— வாசகி, மதுரை

கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நாங்கள் நான்கு பேர். பெயர் போட்டால் உதைப்பார்கள் என்பதால் ஓடிய வரிசைப்படியே சொல்கிறேன். ஆளுக்கு நூறு மீட்டர் ஓடி, பேட்டன் கட்டையைக் கை மாற்றுகிற 4 × 100 மீட்டர் ரிலேயில் நான் மூன்றாவது. கடைசி வளைவு என்னுடையது. எங்களில் வேகமானவள் நாலாவது ஓடியவள்.

1984 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி.உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நாலாவதாக வந்தபோது நாங்கள் எட்டாம் வகுப்பு. வெண்கலம் வாங்கியவருக்கு 55.41 நொடி, உஷாவுக்கு 55.42. எங்கள் பி.டி. டீச்சர் அந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்தார். "நீங்க நாலு பேரும் ஓட்டத்துல இதவிட நூறு மடங்கு குறைப்பீங்க, பேட்டன் மாத்துறப்ப அத அப்படியே கொட்டிருவீங்க" என்றார். அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து ஓட்டமே கிடையாது, கை மாற்றுவது மட்டும்தான். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு 20 மீட்டர் அளந்து வைத்திருப்பார். இப்போது அந்த எல்லையை 30 மீட்டராக்கிவிட்டார்கள், அன்றைக்கு 20தான். அதற்குள் பேட்டன் மாற வேண்டும். பின்னால் வருகிறவள் "கை!" என்று கத்துவாள். முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டுவாள். திரும்பிப் பார்த்தால் டீச்சரிடம் பிரம்படி. பேட்டன், தச்சரிடம் சொல்லிச் செய்த மரக்கட்டை. வியர்வை பட்டால் வழுக்கும், அதனால் கையில் மண்ணைத் தேய்த்துக்கொள்வோம். நாலாமவளின் உள்ளங்கை எந்த உயரத்தில் வரும் என்று இன்றைக்குக் கேட்டாலும் காட்டுவேன்.

1986இல் உஷா சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கிய வருடம் நாங்கள் பத்தாம் வகுப்பு. மாவட்டப் போட்டியில் இரண்டாம் இடம் வந்தோம். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர்.

பிளஸ் டூ முடித்த கையோடு நாலாமவளுக்குக் கல்யாணம். ஒவ்வொருத்தியாக எல்லோருக்கும் ஆனது. ஓட்டம் நின்றதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, உண்மையாகவே. ஓடாமலும் நன்றாகத்தான் இருந்தேன். எங்கள் நாலு பேருக்குள் பேச்சு நின்றுபோனதுதான் ஆறவில்லை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் ஆடியவர். அந்தப் பதினோரு பேரில் ஏழெட்டுப் பேர் இன்றைக்கும் அதே தெருக்களில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் கூடுகிறார்கள், 1985இல் விட்ட கேட்சுக்கு இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆம்பிளைகளின் டீம் ஊரிலேயே இருக்கிறது. எங்கள் டீமை நாலு ஊருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஃபேஸ்புக் வந்த பிறகு தேடினால் ஆள் கிடைப்பதில்லை. ஏனென்றால் இனிஷியல் மாறிவிட்டது. அப்பா பெயரின் முதல் எழுத்தோடு எனக்குத் தெரிந்தவளை, யாரென்றே தெரியாத ஒருவர் பெயரின் எழுத்தோடு நான் எப்படித் தேடுவது?

நாலாமவளை நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் வங்கிக்கு நகை அடகு வைக்க வந்தாள். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதும் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து கவுன்டருக்கு வந்தாள். முகம் பிடிபடவில்லை. முன்காலை ஊன்றி நடக்கிற அந்த நடை பிடிபட்டது. மேலூர்ப் பக்கம் இருக்கிறாள், இரண்டு பேரப்பிள்ளைகள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "அடகு வச்சத எழுதாம பின்ன என்னத்த எழுதுவ, எழுது" என்றாள். நகையையும் மீட்டுவிட்டாள்.

முழங்கால் வலி, அவளால் ஓட முடியாது. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு, நான் நீளமாக ஓடுகிற அன்றைக்கு, ஸ்கூட்டியில் தண்ணீர் பாட்டிலோடு வருவாள். கடச்சனேந்தல் தாண்டி எனக்குப் பின்னால் வந்து "கை!" என்று கத்துவாள். நான் திரும்பாமல் கையை நீட்டுவேன், பாட்டில் வந்து உட்காரும். எங்களைத் தாண்டிப் போகிற பஸ்காரர்கள் இரண்டு கிழவிகளுக்கும் கிறுக்கு என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாமவள் சிங்கப்பூரில். பெடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி 4.3 கிலோமீட்டர் பாதை இருக்கிறதாம், அதில் ஓடிக்கொண்டே எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். பாதி மூச்சு, பாதி மருமகள் கதை.

முதலாமவளை இன்னும் காணோம். திருப்பூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி. இந்தப் பக்கத்தை அவள் படித்தால் ஆசிரியர் முகவரிக்கு எழுதட்டும். அடையாளத்துக்கு ஒன்று: கடைசிப் போட்டி முடிந்து பேட்டனைப் பாவாடை மடிப்பில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோனவள் நீதான். டீச்சர் எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்து விசாரித்தார்.

மாரத்தான் ஏன் 42.195 கிலோமீட்டர்? 42 என்று முடித்திருக்கலாமே.
— வாசகர், தஞ்சாவூர்

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். 1908 லண்டனில் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் ராஜ குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரில் முடித்தார்கள். அளந்தால் 26 மைல் 385 கெஜம். 1921இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். இத்தாலிக்காரர் டொராண்டோ பியத்ரி அந்தப் போட்டியில்தான் முதல் ஆளாக அரங்கத்துக்குள் வந்து, திசை தெரியாமல் பல தடவை விழுந்தார். தூக்கி நிறுத்தி எல்லையைத் தாண்ட வைத்தார்கள், கைகொடுத்ததாலேயே பரிசு போயிற்று. மறுநாள் ராணி ஒரு கோப்பை கொடுத்து ஆறுதல் சொன்னாராம். நான் அரை மாரத்தானோடு சரி. முழுசு ஓடினவர்கள் அந்த 195 மீட்டரைப் பற்றிப் பேசும்போது பல்லைக் கடிக்கிறார்கள்.

என் கணவருக்கு 52. ஆபீஸ் நண்பர்கள் இழுத்துவிட்டு, மூன்று மாதத்தில் அரை மாரத்தான் ஓடப் போகிறார். ஓட்டத்தில் மயங்கி விழுந்து இறந்த செய்திகளைப் படித்து எனக்குத் தூக்கம் இல்லை.
— வாசகி, திருச்சி

உங்கள் பயத்தை நான் அலட்சியப்படுத்தமாட்டேன். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை முழு, அரை மாரத்தான் ஓடிய ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேரை வைத்து ஒரு ஆய்வு 2012இல் வந்தது. அதில் 59 பேருக்கு இதயம் நின்றிருக்கிறது. ஏறத்தாழ 1,84,000 பேருக்கு ஒருவர். மிகக் குறைவுதான். ஆனால் அந்த 59இல் பெரும்பாலானவர்கள் ஆண்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

அவரைத் தடுக்காதீர்கள், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பிரஷர், சுகர், கொழுப்பு, ஈ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். அவர் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதை டாக்டரிடம் நீங்கள் சொல்லுங்கள், அவர் சொல்லமாட்டார். டிரெட்மில் டெஸ்ட் வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ இறங்கும் வலி, வழக்கமில்லாத மூச்சுத் திணறல், தலைசுற்றல் என்றால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், 108ஐக் கூப்பிட வேண்டும். வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டு மறுபடி ஓடுவது நம் ஊர் ஆம்பிளைகளின் வழக்கம். காய்ச்சல் அன்றைக்கு ஓடக் கூடாது, காசு கட்டியிருந்தாலும்.

மூன்று மாதம் என்பது இதுவரை ஓடாதவருக்குக் குறைவு. பத்து கிலோமீட்டருக்குப் பெயரை மாற்றித் தரச் சொன்னால் பல போட்டிகளில் மாற்றித் தருவார்கள். நண்பர்கள் கேலி செய்வார்கள்தான். செய்யட்டும்.

மதுரையில் நீள ஓட்டத்துக்கு எந்த ரோடு நல்லது?
— வாசகர், ஒத்தக்கடை

எனக்கு அழகர்கோவில் ரோட்டை விட்டால் வேறு கிடையாது. மதுரையிலிருந்து அழகர்கோவில் சுமார் 21 கிலோமீட்டர், யாரோ எங்களுக்காகவே அளந்து கோயில் கட்டிய மாதிரி அரை மாரத்தான் தூரம். தல்லாகுளம் பெருமாள் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி, கள்ளந்திரி, அப்புறம் மலை. கடச்சனேந்தல் வரைக்கும் பஸ்ஸும் ஹாரனும்தான். அப்பன்திருப்பதி தாண்டியதும் காற்று மாறும். கள்ளந்திரியில் பெரியாறு கால்வாயில் தண்ணீர் போகிற மாதமாக இருந்தால் முழங்கால் வரை இறங்கி நிற்கலாம், எந்த ஐஸ் பேக்கும் அதற்கு ஈடில்லை.

சித்திரைத் திருவிழாவில் அழகர் மதுரைக்கு வருகிற வழி இதுதான். கள்ளர் வேடத்தில் பல்லக்கில் கிளம்பி, மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று, மூன்றுமாவடியில் எதிர்சேவை வாங்கிக்கொண்டு, அவர் வைகையில் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. எனக்கு மூன்று மணி நேரம். மெதுவாக ஓடுகிறேன் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

ஒன்றிரண்டு எச்சரிக்கை. எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓடுங்கள். நாய் குரைத்தால் ஓடாதீர்கள், நடங்கள். கோயிலை நெருங்கினால் குரங்கு, கையில் வாழைப்பழத்தோடு போகக் கூடாது. முடித்ததும் கோயிலில் தோசைப் பிரசாதம் வாங்குங்கள். முழு உளுந்து, மிளகு, நெய், தடிமனாக இருக்கும். ஒன்று தின்றால் 21 கிலோமீட்டரில் கரைத்தது பாதி திரும்பி வந்துவிடும், பரவாயில்லை. திரும்பி வர டவுன் பஸ் இருக்கிறது.

ஓடும்போது எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?
— வாசகர், சேலம்

தாகம் எடுத்தால் குடியுங்கள். லிட்டர் கணக்கில் குடித்தே தீர வேண்டும் என்பது தப்பு. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவுக்குக் கீழே போயிருந்தது. ஓடும்போதே எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தது முக்கியக் காரணம். அது முற்றினால் உயிருக்கே ஆபத்து. மதுரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீரோடு நிற்காமல் ஓ.ஆர்.எஸ். கரைசலோ உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் எனக்கு நீராகாரம். சின்ன வெங்காயம் கடித்துக்கொள்வது ருசிக்கு, அதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை.

மாதவிடாய் நின்றுவிட்டது. உடம்பு முன்னைப்போல் இல்லை. இனிமேல் ஓட ஆரம்பிக்கலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஈரோடு

ஆரம்பிக்கலாம். எனக்கும் நின்றுவிட்டது. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கும், தசையும் குறையும். ஓடுவது காலுக்கு நல்லது, ஆனால் முதுகெலும்புக்கும் கைக்கும் அது போதாது. எடை தூக்க வேண்டும். ஜிம்மெல்லாம் வேண்டாம் என்றால் கைக்கு இரண்டு கிலோ டம்பெல்லில் ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போங்கள், கூடவே தோப்புக்கரணம். பிள்ளையார் முன்னால் போட்டால் பக்தி, ஹாலில் போட்டால் ஸ்குவாட், தொடைக்கு இரண்டும் ஒன்றுதான். திடீரென்று உடம்பெல்லாம் சூடு பரவி வியர்த்தால் அது ஓட்டத்தால் வந்ததில்லை, நடுராத்திரியில் படுத்திருக்கும்போதும் வரும். நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். இருமும்போதும் ஓடும்போதும் சிறுநீர் கசிகிறது என்று எனக்குத் தனியாக எழுதியவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி இருக்கிறது, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார், பெரும்பாலானோருக்குக் குறைகிறது. இதை நாலாமவளிடம் சொன்னபோது அவள் கேட்டது: "இத ஏன்டி முப்பது வருஷமா யாரும் சொல்லல?"

மகளுக்கு 14 வயது. பள்ளியில் நன்றாக ஓடுகிறாள். மாவட்டப் போட்டிக்கு அனுப்பச் சொல்கிறார்கள். கறுத்துவிடுவாள், வரன் கிடைக்காது என்கிறார்கள் உறவினர்கள்.
— வாசகி, தேனி

அனுப்புங்கள். எங்கள் காலத்திலும் இதே வசனம்தான். நாலாமவள் கறுத்தாள், வரனும் வந்தது. வரன் வராமல் இருந்திருந்தால் மாநிலப் போட்டிக்குப் போயிருப்பாள்.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஹீமோகுளோபின் எட்டில் இருக்கிற பிள்ளையை "ஸ்டாமினா இல்லை" என்று மைதானத்திலிருந்து அனுப்பிவிடுவார்கள். அவளுக்குக் குறைவது இரும்புச்சத்து. மாதவிடாய் நாட்களில் ஓடலாமா என்றால், அவளுக்கு முடிந்தால் ஓடலாம். தொடர்ந்து சில மாதம் வராமல் நின்றால் "ஓடுறதால அப்படித்தான்" என்று விடக் கூடாது. சாப்பாடு பற்றவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். அவள் இன்னும் நன்றாக வந்தால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் சேர்க்கத் தேர்வு நடக்கும், பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள். இன்னொன்றும் செய்யுங்கள். அவளோடு ஓடுகிற பிள்ளைகளின் அம்மாக்களுடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளைகள் எந்த ஊருக்குப் போனாலும் நம்பர் இருக்கும்.

எத்தனை வயது வரை ஓடுவதாக உத்தேசம்?
— வாசகர், நாகர்கோவில்

ஃபௌஜா சிங் 2011இல் டொரண்டோவில் நூறு வயதில் முழு மாரத்தான் ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸில் சேர்க்கவில்லை. மனைவியையும் மகனையும் இழந்த துக்கத்தில் எண்பதுக்கு மேல்தான் தீவிரமாக ஓட ஆரம்பித்தவர். 2025 ஜூலையில், 114 வயதில், பஞ்சாபில் சொந்த ஊரில் சாலையைக் கடக்கும்போது வண்டி மோதி இறந்துபோனார். வயது அவரை ஒன்றும் செய்யவில்லை, நம் ரோடுதான் செய்தது. இருட்டில் ஓடுகிறவர்கள் தயவுசெய்து ஒளி பிரதிபலிக்கும் ஜாக்கெட் போடுங்கள், இருநூறு முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. எனக்கு உத்தேசம் எதுவும் இல்லை. அத்தைக்கு ஊசி போடுகிற வரை ஐந்து மணிக்கு எழுந்தாக வேண்டும், எழுந்தால் ஓடுவேன்.

உங்கள் கணவர் ஓடுவாரா?
— வாசகி, சிவகாசி

மாட்டார். ஒரே ஒரு தடவை போட்டி பார்க்க வந்தார். என் பையையும் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு முடிவுக் கோட்டில் நின்றிருந்தார். நான் முன்னூத்திச் சொச்சமாவது ஆளாக வந்து சேர்ந்தேன். கழுத்தில் மெடல் போட்டார்கள். எனக்குப் பின்னால் வந்தவருக்கும் போட்டார்கள், அவருக்குப் பின்னால் நடந்தே வந்தவருக்கும் போட்டார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என் காதருகே குனிந்து, "எல்லாருக்கும் குடுக்குறாங்களே, அப்ப யாருதான் ஜெயிச்சது?" என்றார். ஜெயித்தவர் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னாலேயே இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்றேன். "அப்ப நாமளும் போவோம், வடை தீந்துரும்" என்றார்.